சிகரத்தில் தொடங்கிய கோயில்

கோயில் கட்டுவதென்றால் வானம் தோண்டி, அதிட்டானம் என்னும் அடிப்பீடம் எழுப்பி, சுவர் ஏற்றி, கடைசியில்தான் சிகரத்துக்கு வருவார்கள். கழுகுமலை வெட்டுவான் கோயிலில் சிற்பிகள் முதலில் செதுக்கியதே சிகரப் பகுதியைத்தான்.

தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடையே இருக்கிறது கழுகுமலை. 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் படைப்பு இந்தக் கோயில். மலைச்சரிவில் ஏறத்தாழ 7.5 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, நடுவில் ஒரு பெரும்பாறையை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்தப் பாறைதான் கோயில். மேலிருந்து இறங்கி வேலை செய்ததால் உயரச் சாரம் தேவைப்படவில்லை. வெட்டாத பாறைமேலேயே நின்றுகொண்டு செதுக்கலாம். கல்லை ஏற்றும் பாடும் இல்லை. ஆனால், கட்டுமானக் கோயிலில் ஒரு கல் உடைந்தால் வேறு கல் வைக்கலாம். இங்கே ஒரு சிலையின் மூக்கு சிதறினால் சிதறியதுதான். அதனால் எந்தக் கூடு (அலங்கார வளைவு) எங்கே வரும், தளம் எங்கே முடியும் என்ற கணக்கெல்லாம் முதல் உளி படுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். எனக்கு இந்தக் கோயிலில் பெரிய வியப்பு அதுதான்.

வேலை பாதியில் நின்றுபோனது. ஏன் என்பதற்கு ஊரில் தந்தை மகன் சிற்பிப் போட்டிக் கதை ஒன்று சொல்வார்கள். காரணம் எதுவானாலும், பாதியில் நின்ற அந்த வேலை நமக்கு ஒரு பாடம். மேலே பூதகணங்களின் முகபாவம்கூடத் துல்லியமாக முடிந்திருக்க, கீழே சுவரும் அதிட்டானமும் உளித்தடங்களோடு கரட்டுப் பாறையாகவே நிற்கின்றன. அன்றைய வேலைமுறை அப்படியே தெரிகிறது.

கருவறைக்கு மேல் எழும் விமானத்தில் திசைக்கொரு தெய்வம் என்பது சிவாலய மரபு. இங்கே மேற்கே நரசிம்மர், வடக்கே பிரம்மா. தெற்கே தட்சிணாமூர்த்தி, மௌனமாக உபதேசிக்கும் அந்த ஆதிகுரு இங்கே மிருதங்கம் வாசிக்கிறார். வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத கோலம். ஞானத்தைத் தாளமாகவும் தர முடியும் என்று நினைத்த ஒரு சிற்பியை எண்ணிக் கைகூப்பத் தோன்றுகிறது.

மற்ற கோயில்களில் விமானச் சிற்பங்களைக் கழுத்து வலிக்க அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். இங்கே கோயில் பள்ளத்துக்குள் இருப்பதால், பாறை விளிம்பில் நின்றாலே போதும். மிருதங்கத்தின்மேல் பதிந்த விரல்கள் நம் கண் மட்டத்துக்கே வந்துவிடும்.