60 லேப்டொப்பும் ஒரு டேனிஷ் ஊரும்

போன வருஷம் நான் கொன்ட்ராக்டில இருந்த ஓர் அலுவலகத்தில 60 லேப்டொப்பை ஒரே நாளில கழிச்சார்கள். நல்லா ஓடுற மெஷின்கள். பக்கத்துத் தெருவில ஒரு சின்னக் கம்பெனி அவற்றைக் கேட்டது. ஆனால் டிஸ்க் அழிச்சாச்சு எண்டு யார் கையெழுத்துப் போடுறது, பிறகு பழுதானால் யார் பொறுப்பு எண்டு ஒருத்தரும் முடிவெடுக்கவில்லை. எல்லாம் நொறுக்கப் போச்சு. நானும் ரெண்டு ஈமெயில் அனுப்பிப்போட்டு விட்டுட்டன்.

இந்த எபிசோடில கதைச்ச கலுன்ட்போர்க், டென்மார்க்கில ஒரு சின்னத் துறைமுக ஊர். 1961இல நிலத்தடி நீர் காணாது எண்டு, அங்க வந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு டிஸ்ஸோ ஏரியிலிருந்து குழாய் போட்டார்கள். அப்படித்தான் தொடங்கினது. 1972இல அந்த ஆலை சும்மா எரிச்சுக்கொண்டிருந்த வாயுவை ஜிப்ரொக் வாங்கி, பிளாஸ்டர்போர்ட் காயவைக்கப் பாவித்தது. 1980களில மின்நிலையத்தின் நீராவி, இன்சுலின் செய்யிற நோவோ நோர்டிஸ்க்குக்குப் போனது.

எனக்குப் பிடிச்சது ஜிப்சம் கதை. நிலக்கரி எரிச்சால் புகையில கந்தக டைஒக்சைட் வரும். அதைப் பிடிக்கிறதுக்குப் புகையைச் சுண்ணாம்போட சேரவிடுவார்கள். கடைசியில மிஞ்சுறது கல்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம். பிளாஸ்டர்போர்ட்டின் மூலப்பொருளே அதுதான்! 1993இலிருந்து மின்நிலையம் அதை ஜிப்ரொக்குக்குக் குடுத்தது.

இதை யாரும் உலகத்தைக் காப்பாத்துற திட்டமாகத் தொடங்கவில்லை. 'தொழில்துறைக் கூட்டுவாழ்வு' எண்ட பெயரே 1989 அளவிலதான் வந்தது. ஒவ்வொரு குழாய்க்கும் பின்னால ரெண்டு தரப்புக்கு இடையிலான ஒரு தனி வியாபார ஒப்பந்தம் இருக்கு. என்ன குடுக்கிறது, என்ன தரத்தில, என்ன விலைக்கு எண்டு முதலே பேசி முடிச்சிடுவார்கள். ஏபிஐ எழுதுற உங்களுக்கு இது உடன விளங்கும்.

ஏபிஐ மாதிரியே இதுவும் உடையும். அந்த மின்நிலையம் இப்ப நிலக்கரியை விட்டு மரச்சில்லுக்கு மாறிட்டுது. மரத்தில கந்தகம் மிகக் குறைவு, அதால அந்த ஜிப்சமும் இல்லை. காற்றுக்கு நல்லது, அதில சந்தேகமில்லை. ஆனால் மற்றவரின் கழிவை நம்பித் தொழில் நடத்துறவர், அவர் திருந்துற நாளுக்கும் ஒரு பிளான் வைச்சிருக்க வேணும். (இதை எபிசோடில சொல்ல மறந்துட்டன்.)

அடுத்த மாசம் இன்னோர் இடத்தில பழைய மெஷின்கள் கழிக்கப் போகிறார்கள். இந்தமுறை ஈமெயிலோட நிக்காமல் ஒரு பக்க ஒப்பந்தமும் கொண்டு போறன்: டிஸ்க் அழிச்சதற்கான சான்று, பொறுப்பு மாறுற திகதி, எடுத்துக்கொண்டு போறவரின் கையெழுத்து. வேணுமெண்டால் இந்த மடலுக்குப் பதில் போடுங்கோ, அனுப்பிவிடுறன்.