வஸ்தி அரசி

எஸ்தர் என்றவுடன், தன் இனத்தாரைக் காத்த அரசி என்று யாவரும் போற்றுவர். அவளுக்கு முன் அதே முடியைச் சூடியிருந்த வஸ்தியை நினைப்பார் சிலரே; நினைப்பாரும் அவளைச் செருக்கினள் என்றே இகழ்வர். இவ்விகழ்ச்சி தக்கதுதானோ? யூதர் வேதம் அவளை எங்ஙனம் காட்டுகிறது, ரபீமார் எங்ஙனம் கண்டனர் என்பதை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

127 நாடுகளை ஆண்ட அகாஸ்வேரு மன்னன், தன் ஆட்சியின் மூன்றாம் ஆண்டில் 180 நாள் தன் செல்வப் பெருமையைப் பிரபுக்களுக்குக் காட்டினான். பின்னர்ச் சூசான் நகரத்தார்க்கு 7 நாள் விருந்து செய்தான். வஸ்தியும் அரண்மனையில் மாதர்க்குத் தனி விருந்து நடத்தினாள். ஏழாம் நாளிலே மதுவால் களித்த மன்னன், அவள் அழகைச் சபையோர் காணுமாறு முடி சூடி வரச் சொல்லி, ஏழு பிரதானிகளை ஏவினான். அவள் வர மறுத்தாள். இதைப் பொறுத்தால் நாட்டு மனைவியர் யாவரும் தத்தம் கணவரை அவமதிப்பர் என்று மெமுகான் கூற, அவள் அரசுரிமை இழந்தாள். எந்தப் புருஷனும் தன் வீட்டுக்குத் தானே தலைவனாதல் வேண்டுமென்று நாடெங்கும் நிருபங்களும் சென்றன. வேதம் கூறுவது இவ்வளவே. அவள் மறுத்ததன் காரணம் அதில் இல்லை. அவள் வாய்மொழி ஒன்றேனும் இல்லை. அவள் கொல்லப்பட்டாள் என்பதும் இல்லை.

வேதம் மௌனமாயிருந்த இடத்தில் ரபீமார் பேசினர். கி.பி. 6ஆம் நூற்றாண்டளவில் உருப்பெற்ற பாபிலோனியத் தல்மூதின் மெகில்லா என்னும் பகுதி, வஸ்தியை எருசலேம் ஆலயத்தைச் சுட்டெரித்த நேபுகாத்நேச்சாரின் வழித்தோன்றல் என்கிறது. அவள் யூதப் பெண்களின் ஆடையைக் களைந்து, ஓய்வுநாளில் வேலை வாங்கினாளாம். ஆகவே ஏழாம் நாளிலேயே அவளுக்கு இழிவு நேர்ந்ததாம். நாணமற்ற இவள் பின் ஏன் வர மறுத்தாள் என்னும் வினா உடனே எழுகிறது. அவளுக்குத் தொழுநோய் கண்டது என்பர் ஒரு சாரார். காபிரியேல் தூதன் அவளுக்கு வால் முளைக்கச் செய்தான் என்பர் மற்றொரு சாரார். அவள் கொலையுண்டாள் என்று மித்ராஷ் உரைகள் கூறும்.

ஆயினும், பழித்த அத்தல்மூதே அவளுக்கு நாவும் அளித்தது வியப்பன்றோ! தன் தந்தை ஆயிரவர் எதிரே அருந்தியும் மயங்காதவர் என்றும், அவருடைய குதிரைக்காரனின் மகனான நீயோ மதுவால் மதியிழந்தாய் என்றும் அவள் மன்னனுக்குச் சொல்லி அனுப்பினாளாம். இகழ்ந்தோராலும் அவள் பெருமிதத்தை மறைக்க இயலவில்லை.

இன்னுமொன்று காண்க. கி.பி. 4ஆம் நூற்றாண்டினரான ரவா என்னும் ஆசிரியர், அந்த முதல் நிருபங்கள் இல்லாதிருந்தால் யூதரில் ஒருவரும் எஞ்சியிரார் என்றார். ஏழை நெசவாளனும் தன் வீட்டில் தலைவனாயிருக்க, இதற்கோர் அரச கட்டளையா என்று மக்கள் நகைத்தனராம். அதனால், யூதரை அழிக்க ஆமான் விடுத்த பிந்திய நிருபத்தையும் அவர்கள் நம்பி விரைந்திலர். இவ்வுரையின்படி, எஸ்தர் முடித்த மீட்புக்கு வித்திட்டது வஸ்தியின் மறுப்பே.

அழைத்தும் வாராதவள் வஸ்தி. அழையாமலே சென்றவள் எஸ்தர். இருவரும் மீறியது ஒரே மன்னனுடைய ஆணையை. முன்னவள் காத்தது தன் மானம். பின்னவள் காத்தது தன் மக்களின் உயிர். பின்னது பெரிதென்பதில் ஐயமில்லை. எனினும், முன்னதைக் குற்றமென்று வேதம் எங்கும் தீர்ப்புக் கூறவில்லை. அங்ஙனமாக, வேதம் சொல்லாத பழியை நாம் அவள்மேல் சுமத்துவது நீதியன்று என்பதே எம் துணிபு.