கிரியேட்டின் வாங்கும் முன் கிரியேட்டினின் பாருங்கள்

சில மாதங்களுக்கு முன், எங்கள் டயாலிசிஸ் பிரிவில் வாரம் மூன்று முறை சிகிச்சை பெற்றுவரும் அம்மையார் ஒருவர், தம் மகனுடைய இரத்தப் பரிசோதனை அறிக்கையை என்னிடம் நீட்டினார். "டாக்டர், எனக்கு வந்தது போதாதா? இவனுக்கும் உப்பு ஏறியிருக்குன்னு சொல்றாங்களே" என்று கேட்கும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. மகனுக்கு வயது 24. வேலையில் சேர்வதற்காக எடுத்த பரிசோதனையில் கிரியேட்டினின் 1.5 மில்லிகிராம் என்றும், அதைக் கொண்டு கணக்கிட்ட சிறுநீரக வடிகட்டும் திறன் 66 என்றும் வந்திருந்தன. இந்த வயதில் அது 90-க்கு மேல் இருப்பதே வழக்கம்.

அருகில் நின்றிருந்த மகன் அகன்ற தோளும் திரண்ட புயமுமாக இருந்தார். "பொடி ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டேன். தாயை ஒருமுறை பார்த்துக்கொண்டு, "கிரியேட்டின் மட்டும்தான் டாக்டர். மூணு மாசமா" என்றார். பரிசோதனைக்கு முந்தைய மாலை கடும் பயிற்சி, இரவு வயிறு நிறையக் கோழிக்கறி என்பதும் பிறகு தெரியவந்தது.

அவருடைய இரத்த அழுத்தம் சரியாக இருந்தது. சிறுநீரில் புரதக் கசிவு இல்லை. ஸ்கேனில் இரு சிறுநீரகங்களும் இயல்பான அளவில் இருந்தன. தசையின் அளவைப் பெரிதும் சாராத சிஸ்டாட்டின்-சி என்னும் பரிசோதனையும் இயல்பாகவே வந்தது. பொடியை நிறுத்தச் சொன்னோம். ஆறு வாரங்கள் கழித்து எடுத்த பரிசோதனையில் கிரியேட்டினின் 1.2 ஆக இறங்கியிருந்தது. அவருடைய தசைக்கட்டுக்கு அது இயல்பான அளவே. (அடையாளம் தெரியாதிருக்கும் பொருட்டு, இக்கட்டுரையில் வரும் நோயாளிகளைப் பற்றிய சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

அந்த இளைஞரின் சிறுநீரகங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆயினும் ஒரு குடும்பம் பல நாள் உறக்கமிழந்தது. பொடியைப் பற்றி ஒரு வார்த்தை முன்னதாகச் சொல்லியிருந்தால் அந்த அச்சத்தைத் தவிர்த்திருக்கலாம். உடற்பயிற்சிக் கூடங்கள் பெருகிவிட்ட இக்காலத்தில் இப்பொடி பல வீடுகளுக்குள் வந்துவிட்டது. ஆகவே இதைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பற்றியும், அதற்கு முன் செய்ய வேண்டியதைப் பற்றியும் எழுதுகிறேன்.

ஓர் எழுத்து வேறுபாடு

கிரியேட்டின் வேறு, கிரியேட்டினின் வேறு. முன்னது தசைக்குப் பயன்படும் பொருள். பின்னது அதிலிருந்து உண்டாகும் கழிவு.

ஆர்ஜினின், கிளைசின், மெத்தியோனின் என்னும் மூன்று அமினோ அமிலங்களிலிருந்து நம் சிறுநீரகமும் கல்லீரலும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிராம் கிரியேட்டினைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன. மீனும் இறைச்சியும் உண்போருக்கு உணவிலிருந்தும் கிடைக்கிறது. ஒரு கிலோ பச்சை இறைச்சியில் சுமார் 4 கிராம் இருக்கும். 1832-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரோல் இதை முதன்முதலில் பிரித்தெடுத்ததும் இறைச்சிச் சாற்றிலிருந்தே. அதனால் இறைச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே இதற்குப் பெயராயிற்று.

நம் உடலிலுள்ள கிரியேட்டினில் 95 விழுக்காடு தசைகளில் தங்கியுள்ளது. அதில் நாள்தோறும் ஏறத்தாழ 2 விழுக்காடு தானாகவே கிரியேட்டினினாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது. யூரியாவையும் கிரியேட்டினினையும் சேர்த்துத்தான் நம் ஊரில் 'உப்பு' என்கிறோம். சமையல் உப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அடுப்பில் விறகு கூடினால் சாம்பலும் கூடும். சாம்பல் அள்ளுபவர் வேலையில் குறை வைத்தாலும் அடுப்படியில் சாம்பல் கூடும். குவிந்திருக்கும் சாம்பலை மட்டும் பார்த்து இவ்விரண்டில் எது காரணம் என்று சொல்ல முடியாது. கிரியேட்டினின் அளவும் அப்படிப்பட்டதே. தசை மிகுதியாலோ, இறைச்சி உணவாலோ, கிரியேட்டின் பொடியாலோ அது உயரலாம். சிறுநீரகம் பழுதுபட்டாலும் உயரும்.

பொடி செய்வதும் செய்யாததும்

தசை சுருங்குவதற்கு வேண்டிய ஆற்றலை ஏ.டி.பி. என்னும் மூலக்கூறு தருகிறது. கனமான எடையைத் தூக்கும்போதோ விரைந்து ஓடும்போதோ அது சில நொடிகளிலேயே தீரத் தொடங்கும். தசையில் பாஸ்பேட்டுடன் இணைந்திருக்கும் கிரியேட்டின், அந்த பாஸ்பேட்டைக் கொடுத்து ஏ.டி.பி.-யை உடனுக்குடன் புதுப்பிக்கிறது. இந்தக் கையிருப்பு ஏறத்தாழ 10 நொடிக் கடும் உழைப்புக்குத்தான் போதும். வாய்வழியே உட்கொள்ளும் கிரியேட்டின் தசையிலுள்ள கையிருப்பைக் கூட்டுகிறது என்பதை 1992-இல் ரோஜர் ஹாரிஸும் அவருடைய குழுவினரும் நிறுவினர். அதன்பின் விளையாட்டு உலகில் மிக விரிவாக ஆராயப்பட்ட துணை உணவுகளுள் இதுவும் ஒன்றாயிற்று. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் இது இல்லை.

எட்டு முறை தூக்கக்கூடியவர் ஒன்பதாம் முறையும் தூக்க இயலலாம். அந்தக் கூடுதல் உழைப்பு மாதக்கணக்கில் சேர்ந்து வலிமையாகிறது. பயிற்சி செய்யாதவர் பொடியை மட்டும் உட்கொண்டு தசை வளர்க்க முடியாது. நெடுந்தூர ஓட்டம், நடைப்பயிற்சி போன்றவற்றுக்கு இதனால் பெரும் பயன் இல்லை. முதல் வாரத்தில் 1 முதல் 2 கிலோ எடை கூடலாம். அதில் பெரும்பகுதி தசைக்குள் சேரும் நீரே.

சைவ உணவு உண்போரின் தசைகளில் கிரியேட்டின் கையிருப்பு சற்றுக் குறைவாக இருப்பதால், அவர்களுக்கு இதன் விளைவு கூடுதலாகத் தெரியலாம். கடைகளில் விற்கும் கிரியேட்டின் இறைச்சியிலிருந்து எடுக்கப்படுவதன்று. சார்க்கோசின், சயனமைடு என்னும் வேதிப்பொருள்களைக் கொண்டு ஆலையில் செய்யப்படுகிறது. ஆயினும் டப்பாவில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

எதை வாங்குவது?

கடையில் இதன் பெயர்கள் பல: மோனோஹைட்ரேட், ஹைட்ரோகுளோரைடு, எத்தில் எஸ்டர், நைட்ரேட், காரச் சமன் செய்யப்பட்டது எனப் பட்டியல் நீளும். விலை உயர உயர விளம்பரமும் உயரும். ஆய்வுகளில் மிகுதியாகச் சோதிக்கப்பட்டது மோனோஹைட்ரேட் ஒன்றே. மற்ற வகைகள் அதைவிட மேலானவை என்று நிறுவப்படவில்லை. எத்தில் எஸ்டர் வகை, தசையைச் சென்றடையும் முன்பே பெருமளவு கிரியேட்டினினாகச் சிதைந்துவிடுகிறது. 'மைக்ரோனைஸ்டு' என்று குறிப்பிட்டிருந்தால், மோனோஹைட்ரேட்டையே மேலும் நுண்ணிய பொடியாக அரைத்திருக்கிறார்கள் என்று பொருள். அது நீரில் எளிதாகக் கலக்கும், அவ்வளவே. திரவமாக அடைத்து விற்பதைத் தவிருங்கள். நீரில் நாட்கணக்கில் கிடந்தால் கிரியேட்டின் சிதைந்துவிடும்.

டப்பாவைக் கையில் எடுத்ததும் பின்வருவனவற்றைப் பாருங்கள்.

• உட்பொருள் பட்டியலில் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் மட்டும் இருப்பது நல்லது. பல பொருள்களைக் கலந்து, ஒவ்வொன்றின் அளவையும் சொல்லாமல் விற்கும் கலவைகள் வேண்டா. பயிற்சிக்கு முன் அருந்தும் கலவைகள் பலவற்றில் காஃபீன் மிகுதியாக இருக்கும்.

• இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முழு முகவரி, தொகுதி எண், காலாவதி நாள், உடையாத முத்திரை ஆகியவையும் இருக்க வேண்டும்.

• ஊக்கமருந்துக் கலப்படம் இல்லை என்று தனி ஆய்வகம் சோதித்ததற்கான 'இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்' அல்லது 'என்.எஸ்.எஃப். சர்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட்' முத்திரை இருந்தால் சிறப்பு. போட்டிகளில் கலந்துகொள்வோருக்கு இது மிக முக்கியம்.

• டப்பாவின் விலையை ஒப்பிடாமல் ஒரு கிராமின் விலையை ஒப்பிடுங்கள். நாளுக்கு 3 கிராம் என்றால் 300 கிராம் டப்பா 100 நாள் வரும்.

• பயிற்சிக் கூடத்தில் பெரிய டப்பாவிலிருந்து பிரித்து, பெயரில்லாத உறையில் போட்டுத் தருவதை எவர் தந்தாலும் வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்பதைத் தந்தவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அளவும் முறையும்

உடல்நலமுள்ள, 18 வயது நிறைந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் போதும். முதல் வாரம் நாளுக்கு 20 கிராம் உண்ணும் வழக்கமும் உண்டு. அதனால் தசை விரைவில் நிறையும் என்பது உண்மைதான். ஆனால் நாளுக்கு 3 கிராம் வீதம் எடுத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 28 நாட்களில் அதே நிலையை அடையலாம். வயிற்றுப்போக்கும் வயிற்று உப்புசமும் வராமலிருக்க இரண்டாவது வழியையே நான் பரிந்துரைப்பேன். ஒவ்வொரு நிறுவனத்தின் அளவுக் கரண்டியும் ஒவ்வோர் அளவாக இருப்பதால், கரண்டி எத்தனை கிராம் என்பதை டப்பாவில் படித்துப் பாருங்கள். வெதுவெதுப்பான நீரில் கலக்கி உடனே அருந்துங்கள். வழக்கம்போல் தாகத்திற்குத் தண்ணீர் குடியுங்கள். கோடையில் பயிற்சி செய்வோர் சற்றுக் கூடுதலாகக் குடிக்க வேண்டும்.

யார் தாமாகத் தொடங்கக் கூடாது?

நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்கள், சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், சிறுநீரகம் தானம் செய்தவர்கள், ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்பவர்கள் ஆகியோர் மருத்துவரின் இசைவின்றி இதைத் தொடவேண்டா. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, கல்லீரல் நோய் உள்ளவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்ப்பது நலம். பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வலி மாத்திரைகளை அடிக்கடி விழுங்கிக்கொண்டு பயிற்சி செய்வோர், கிரியேட்டினைவிட அந்த மாத்திரைகளைக் கண்டே அஞ்ச வேண்டும். சிறுநீரகத்தை உண்மையில் கெடுக்கக்கூடியவை அவை.

பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ சிறுநீரக நோய் இருப்பின், பொடி வாங்கும் முன்பே இரத்த அழுத்தம், இரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் ஆகிய மூன்றையும் பார்த்துவிடுங்கள். சில சிறுநீரக நோய்கள் குடும்பவழி வருபவை. அவை வெகுகாலம் அறிகுறி காட்டுவதில்லை.

பொடியின் மேல் பழிபோட்டுவிட முடியாது

இதுவரை படித்தவர்கள், 'கிரியேட்டினின் உயர்ந்தால் பொடிதான் காரணம், கவலையில்லை' என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அப்படி முடிவுசெய்த ஒருவரை நான் அறிவேன். வயது 31. அவருடைய கிரியேட்டினின் 1.6 என வந்தபோது, 'பொடி சாப்பிட்டால் இப்படித்தான் வரும்' என்று நண்பர்கள் சொன்னதைக் கேட்டு அறிக்கையை மடித்து வைத்துவிட்டார். சிறுநீர்ப் பரிசோதனை செய்யவில்லை. இரத்த அழுத்தமும் பார்க்கவில்லை. ஓராண்டு கழித்துக் கால் வீங்கி எங்களிடம் வந்தபோது இரத்த அழுத்தம் 170/110. சிறுநீரில் புரதம் மிகுதியாகக் கசிந்துகொண்டிருந்தது. கிரியேட்டினின் 2.8. சிறுநீரகத் திசுப் பரிசோதனையில் ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி என்னும் நோய் தெரியவந்தது. பொடி அந்நோயை உண்டாக்கவில்லை. ஆனால் நோயைத் தேடாமல் இருப்பதற்கு ஒரு காரணமாகிவிட்டது. அந்த ஓராண்டில் இழந்ததை மருந்தால் முழுமையாக மீட்க இயலவில்லை. எஞ்சியதைக் காக்க இன்றும் சிகிச்சை தொடர்கிறது.

முதலில் சொன்ன இளைஞருக்கும் இவருக்கும் முதல் அறிக்கையில் இருந்த எண்கள் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாட்டைக் காட்டியவை சிறுநீர்ப் பரிசோதனையும் இரத்த அழுத்தமுமே. இவ்விரண்டுக்கும் ஆகும் செலவு ஒரு டப்பா பொடியின் விலையைவிட மிகக் குறைவு.

நினைவில் கொள்க

1. பொடி தொடங்கும் முன் ஒருமுறை கிரியேட்டினின், சிறுநீர்ப் புரதம், இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்து, அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் எண் உயர்ந்தால் ஒப்பிடுவதற்கு அதுவே அடிப்படை.

2. இரத்தப் பரிசோதனைக்கு முந்தைய நாள் கடும் பயிற்சியையும் மிகுதியான இறைச்சியையும் தவிருங்கள்.

3. எந்த மருத்துவரிடம் சென்றாலும் பொடி உண்பதைச் சொல்லுங்கள். அறுவை சிகிச்சை, சாய மருந்து செலுத்தி எடுக்கும் ஸ்கேன், புற்றுநோய் மருந்து ஆகியவற்றுக்கு முன் இது இன்றியமையாதது. பல மருந்துகளின் அளவை இந்த எண்ணைக் கொண்டே முடிவு செய்கிறோம்.

4. எண் உயர்ந்திருந்தால் பொடியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதிக்கலாம். சிறுநீர்ப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

5. கால் வீக்கம், நுரைத்த சிறுநீர், சிறுநீரில் இரத்தம், மிகக் கடும் பயிற்சிக்குப் பின் தேநீர் நிறத்தில் சிறுநீர் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

அந்த அம்மையாரின் மகன் வேலையில் சேர்ந்துவிட்டார், பயிற்சியும் தொடர்கிறது. அண்மையில் தாயை டயாலிசிஸுக்கு அழைத்து வந்தபோது, பையிலிருந்து புது டப்பா ஒன்றை எடுத்து, "இதை வாங்கலாமா டாக்டர்?" என்று கேட்டார். சேர்ந்து படித்துப் பார்த்தோம். நீங்களும் அப்படியே செய்யலாம். அடுத்த முறை எங்களிடம் வரும்போது, மாத்திரைச் சீட்டோடு அந்த டப்பாவையும் எடுத்து வாருங்கள்.