குளம் சொந்தம், நிலம் இரவல்

தாய்லாந்தின் பூகெட் தீவிலோ சமுய் தீவிலோ விமானம் தாழ இறங்கும்போது சன்னல் வழியே பார்த்தால், தென்னந்தோப்புகளுக்கு நடுவே நீல நிறத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள் தெரியும். எல்லாம் வீடுகளில் கட்டப்பட்ட நீச்சல் குளங்கள். ஹுவா ஹின், பட்டாயா முதலிய கடற்கரை ஊர்களிலும் வடக்கே சியாங் மாயிலும் இதே காட்சியைக் காணலாம். இவற்றின் சொந்தக்காரர்களில் பலர் இங்கிலாந்து, ஜெர்மனி, ஸ்வீடன் போன்ற குளிர் தேசங்களில் உத்தியோகம் பார்த்து, ஓய்வு பெற்று, பென்ஷன் பணத்துடன் வெயிலைத் தேடி வந்தவர்கள். தாய்லாந்து மக்கள் இவர்களைப் 'பரங்' என்கிறார்கள். நம் பாட்டன்மார் வெள்ளையரைப் 'பறங்கி' என்று சொன்னார்களே, இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்றுதான்.

காலையில் ஒரு மணி நேரம் வரும் குழாய் நீருக்கு வரிசையில் நிற்கிற நமக்கு இதெல்லாம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். குளத்தில் நீந்தும் சுகத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. பிற நாட்டு மண்ணில், தனக்கு உரிமையில்லாத இடத்தில், ஆயுள் சேமிப்பைக் கொட்டி ஒருவர் ஒன்றைக் கட்டினால் என்ன ஆகும் என்பதே விஷயம். வெளியூரில் பிழைக்கும் எவருக்கும் அது அந்நியமான விஷயமல்ல.

யாருடைய நிலம்?

தாய்லாந்தின் 1954ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி வெளிநாட்டார் பொதுவாக அங்கே நிலம் வாங்க முடியாது. 4 கோடி பாட் முதலீடு செய்கிறவர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பென்ஷன்காரர்களுக்கு அது எட்டாக்கனி. ஆகவே குத்தகைக்கு எடுக்கிறார்கள். குத்தகை அதிகபட்சம் 30 ஆண்டு. 3 ஆண்டுக்கு மேற்பட்டதாக இருந்தால் நில அலுவலகத்தில் பதிவு செய்தே தீர வேண்டும். முப்பது முடிந்ததும் இன்னொரு முப்பது, அதற்கப்பால் மற்றொரு முப்பது என்று தரகர்கள் 90 ஆண்டுக் கணக்குச் சொல்வது வழக்கம். சட்டம் தருவது ஒரு தடவைக்கு 30 தான், மற்றது பேச்சு. அந்தப் பேச்சை நம்பிப் பணம் போடுவது புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை.

தாய்லாந்துப் பெண்ணை மணந்தவர்கள் மனைவி பெயரில் நிலம் வாங்குவதுண்டு. அப்போது நிலத்துக்குக் கொடுக்கும் பணம் மனைவியின் தனிச் சொத்து என்று கணவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாக வேண்டும். அதாவது, பின்னால் அதில் பங்கு கேட்க மாட்டேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதற்குச் சமம். நிலத்தின் மேல் நிற்கும் வீட்டை மட்டும் வெளிநாட்டார் தம் பெயரில் வைத்துக்கொள்ளலாம். அதற்குத் தனிப் பதிவு முறை இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் அதைச் செய்துகொண்ட பிறகே குழி தோண்டுகிறார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 50 வயது கடந்து, வங்கியில் 8 லட்சம் பாட் இருப்பு அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்டுகிறவருக்குத் தங்கும் அனுமதி ஆண்டுக்கு ஆண்டு நீட்டித்துத் தரப்படுகிறது. 90 நாளுக்கு ஒரு முறை தம் முகவரியைக் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஓர் ஆண்டு அனுமதியை நம்பி, பல பத்தாண்டுகள் நிற்கக் கூடிய கான்கிரீட் தொட்டியை மண்ணில் இறக்குகிறார்கள்!

அந்தத் தொட்டிக்குக் குழி தோண்டுகிறவர்களும் கம்பி கட்டுகிறவர்களும் பெரும்பாலும் அந்த மண்ணுக்கு அந்நியர்களே. தாய்லாந்தின் கட்டுமான வேலைகளில் பர்மாவிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் வந்த தொழிலாளர் ஏராளம். வேலை நடக்கும் இடத்தருகே தகரக் கொட்டகை போட்டுக் குடும்பத்தோடு தங்குவார்கள். டாங்கி நீரை மொண்டு ஊற்றிக் குளிப்பார்கள். வேலை முடிந்து குளத்தில் நீர் நிரம்பும் நாளில் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். குழிக்கு மேலே நிற்பவர், உள்ளே நிற்பவர் இருவரிடமும் அனுமதிச் சீட்டு உண்டு. எந்தச் சீட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்பதில்தான் வேற்றுமை.

மிதக்கும் கான்கிரீட்

சாதாரண வீட்டுக் குளம் ஒன்றைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், ஆழம் ஒன்றரை மீட்டர். கொள்ளளவு 48,000 லிட்டர். சுவரும் தரையும் 15 சென்டிமீட்டர் கனமென்றால் கான்கிரீட் எடை சுமார் 26 டன் வரும். குளத்தில் நீர் இருக்கும்வரை இது அசையாது. காலியாக இருக்கும்போது மழை பிடித்து, நிலத்தடி நீர் தரைமட்டத்துக்கு 3 அடி கீழே வரை ஏறிவிட்டால் போதும், அடியிலிருந்து மேல்நோக்கித் தள்ளும் நீரின் விசை அந்த 26 டன்னையும் தாங்கத் தொடங்கும். அதற்கு மேல் ஏறினால் மண்ணின் பிடிப்பு மட்டுமே மிச்சம். அதுவும் விட்டுப்போனால் தொட்டி படகு போல மேலே எழும். குழாய்கள் முறியும், ஓரத்துத் தளம் பிளக்கும். எழுந்ததைத் திரும்ப உட்கார வைப்பது நடக்கிற காரியமில்லை.

தாய்லாந்தின் பெரும்பகுதியில் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். சமுய் தீவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நம் சோழமண்டலக் கரையைப் போல. ஆகவே மழை மாதங்களில் குளத்தை வற்ற வைக்கக் கூடாது என்பது பாலபாடம். குளத்தின் அடியில் நிலத்தடி நீரை உள்ளே விட்டு அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு ஒன்று வைப்பதும் உண்டு. விலை அற்பம். ஆனால் கட்டும்போதே கேட்டு வைத்தால்தான் உண்டு. தரைக்கு டைல் ஒட்டிய பிறகு நினைவு வந்து பயனில்லை.

நீரைக் காப்பது

கட்டுவது சில மாதத்து வேலை. நீரைக் கெடாமல் காப்பது தினசரி வேலை. கட்டும் செலவை விசாரிக்கிறவர்கள் இதை விசாரிப்பதில்லை.

முதலில் பம்ப். 48,000 லிட்டரும் எட்டு மணி நேரத்தில் ஒரு தடவை மணல் வடிகட்டி வழியே சுற்றி வர வேண்டும். முக்கால் கிலோவாட் பம்ப் தினம் எட்டு மணி நேரம் ஓடினால் மாதம் 180 யூனிட் மின்சாரம். வடிகட்டியில் அழுக்குச் சேர்ந்து அழுத்தமானியின் முள் ஏறும்போது, நீரை எதிர்த்திசையில் செலுத்தி மணலைக் கழுவ வேண்டும். இலை, பூ, தவளை, சில சமயம் பாம்பு எல்லாம் ஓரத்துக் கூடையில் வந்து சேரும். கையை விடுமுன் கூடைக்குள் எட்டிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது குளோரின். நம் ஊர்க் கிணறுகளில் பஞ்சாயத்தார் போடும் பிளீச்சிங் பவுடரின் சுற்றம்தான். நீரில் பத்து லட்சத்துக்கு 1 முதல் 3 பங்கு இருந்தால் போதும். நம் குளத்தில் ஒரு பங்குக்கு 48 கிராம். ஆனால் வெயில் குளோரினைத் தின்றுவிடும். உச்சி வெயிலில் சில மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். இதைத் தடுக்க சயனூரிக் அமிலம் என்ற சரக்கு 30 முதல் 50 பங்கு வரை சேர்க்கிறார்கள். குளோரினுக்குக் குடை பிடிப்பது போல.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தாய்லாந்துக் கடைகளில் வாளி வாளியாக விற்கும் குளோரின் பொடிகளில் டிரைகுளோர் என்பது ஒரு வகை. அதில் இந்தக் குடையும் கலந்தே இருக்கிறது. 10 பங்கு குளோரின் கொடுக்கும்போது அது 6 பங்கு சயனூரிக் அமிலத்தையும் நீரில் விட்டுச் செல்லும். தினம் 2 பங்கு வீதம் போட்டால் மாதத்தில் 36 பங்கு சேரும். குளோரின் தீர்ந்துவிடும், இது தீராது. நீர் ஆவியானாலும் போகாது. மூன்று மாதத்தில் 100ஐத் தாண்டும். அப்போது சோதனைக் குப்பியில் குளோரின் இருப்பதாகவே நிறம் காட்டும். ஆனால் அது கட்டிப்போட்ட நாய் போல இருந்த இடத்திலேயே கிடக்கும். குளம் பச்சை பிடிக்கும். வீட்டுக்காரர் இன்னும் இரண்டு கரண்டி அதே பொடியைப் போடுவார். நிலைமை மோசமாகும்.

இதற்கு நம்பகமான பரிகாரம் குளத்து நீரில் பாதியை வெளியேற்றிவிட்டுப் புதுநீர் விடுவதுதான். மழைக்காலத்தில் நீரை இறக்கினால் என்ன ஆகுமென்று மேலே பார்த்தோம்! ஆகவே கோடையிலேயே கணக்குப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக நீரை மாற்றுகிறவர்களும், பாதி நாள் குடை சேராத கால்சியம் ஹைபோகுளோரைட் பொடிக்கு மாறிக்கொள்கிறவர்களுமே தப்பிக்கிறார்கள். இந்த இரண்டு பொடிகளையும் உலர்ந்த நிலையில் ஒரே கரண்டியால்கூட எடுக்கக் கூடாது. கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஆசிட்டோடு எந்தக் குளோரின் பொடி சேர்ந்தாலும் நச்சு வாயு கிளம்பும்.

'உப்புக் குளம் கட்டினால் குளோரின் தொல்லையே இல்லை' என்று விற்பவர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. நம் குளத்துக்கு சுமார் 145 கிலோ உப்பைக் கரைத்து, மின்சாரம் செலுத்தி, அந்த உப்பிலிருந்து குளோரினைப் பிரிக்கிறது இயந்திரம். வருவது அதே குளோரின்தான். தினம் பொடி தூவும் வேலை மிச்சம். அதற்குப் பதில் நீரின் காரத்தன்மை ஏறிக்கொண்டே போகும், அவ்வப்போது ஆசிட் விட வேண்டும். பி.எச். அளவு 7.2க்கும் 7.8க்கும் நடுவில் நிற்பது நல்லது. நம் கண்ணீரின் அளவு 7.4. கண் எரிந்தால், மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால், குளோரின் அதிகம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரின் உழைத்து ஓய்ந்ததன் வாடை அது.

நீர் குறைந்துகொண்டே போனால் கசிவா, ஆவியா என்ற சந்தேகம் வரும். செலவில்லாத சோதனை ஒன்று: ஒரு வாளியில் குளத்து நீரை ஊற்றிக் குளத்துப் படியில் வைத்து, வாளியிலும் குளத்திலும் நீர்மட்டத்தைக் குறித்துவிடுங்கள். பம்ப்பை நிறுத்தி வையுங்கள். மறுநாள் இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயிலின் வேலை; குளம் மட்டும் அதிகம் இறங்கியிருந்தால் கசிவு. நம் ஊர் மொட்டைமாடித் தொட்டிக்கும் இதைச் செய்து பார்க்கலாம்.

மின்சாரமும் குழந்தைகளும்

தாய்லாந்தின் பழைய வீடுகள் பலவற்றில் மின் இணைப்புக்கு எர்த் கம்பி கிடையாது. அந்த இணைப்பிலிருந்து குளத்துப் பம்ப்புக்குக் கம்பி இழுப்பது கொலைக்கு நிகர். தனி எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் சுவிட்ச், நீருக்குள் 12 வோல்ட் விளக்கு ஆகிய இவற்றில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

அடிவடிகாலின் மூடியும் அப்படியே. அமெரிக்காவில் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி 2002இல் ஒரு வெந்நீர்க் குளியல் தொட்டியின் வடிகால் உறிஞ்சலில் சிக்கி இறந்தாள். அதன் பிறகு 2007இல் அந்நாட்டில் வடிகால் மூடிகளுக்கென்றே சட்டம் வந்தது. பிரான்சில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக் குளங்களுக்கு வேலியோ, மூடியோ, எச்சரிக்கை மணியோ இருக்க வேண்டும். தாய்லாந்தில் குழந்தைகளைக் கொண்டுபோகும் முதன்மையான காரணங்களில் நீரில் மூழ்குவதும் ஒன்று. மூழ்கும் குழந்தை கூச்சல் போடாது, சத்தமில்லாமல் போய்விடும். பார்வைக்கு அழகு கெடும் என்று வேலி போடாமல் விட்ட வீடுகளில், தோட்டக்காரரின் பிள்ளை விளையாட வரும் நேரம் எது என்று வீட்டுக்காரருக்குத் தெரியுமா?

வயது ஏற ஏறப் பலருக்கு வாளி தூக்கவும் ஆசிட் அளக்கவும் முடியாமல் போகிறது. மாதச் சம்பளத்துக்கு ஆள் வைக்கிறார்கள். சிலர் ஊருக்கே திரும்பிவிடுகிறார்கள். குத்தகை முடிந்தால் குளத்தை மட்டும் பெயர்த்து எடுத்துப் போக வழியில்லை. எழுதி வைத்த ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாவிட்டால் அது நிலத்தோடு போகும். குளமே வேண்டாமென்று மண் கொட்டி மூடுவதானாலும் முதலில் அடித்தளத்தை உடைத்துத் துளைகள் போட வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் மழைநீர் வடிய இடமின்றி, மூடிய மண் அடுத்த மழையிலேயே சேறாகிவிடும்.