போர்முனையில் விசுவாசமும் அச்சமும்

விசுவாசமுள்ளவன் அஞ்சமாட்டான் என்னும் போதனை நம் சபைகளில் அடிக்கடி ஒலிப்பதாகும். அன்றாட வாழ்வின் தொல்லைகளில் அது பலருக்குத் தேறுதல் அளித்திருக்கலாம். ஆனால், பீரங்கிக் குண்டுகள் விழும் பதுங்குகுழியில் உடல் நடுங்க அமர்ந்திருக்கும் ஒரு கிறிஸ்தவப் படைவீரனிடம் அப்போதனை என்ன செய்கிறது? தன் நடுக்கத்தையே தன் அவிசுவாசத்துக்குச் சான்றாக அவன் எண்ணிக்கொள்ள அது வழிவகுக்கிறது. எதிரியின் குண்டுக்கு அஞ்சுவதோடு, தன் அச்சத்தினிமித்தம் கடவுள் தன்னைத் தள்ளிவிடுவாரோ என்றும் அவன் அஞ்சத் தொடங்குகிறான். முதல் அச்சத்தை உண்டாக்குவது போர். இரண்டாவதை உண்டாக்குவது பெரும்பாலும் நம் பிரசங்கமே. ஆகவே, அச்சத்துக்கும் விசுவாசத்துக்கும் உள்ள உறவைத் திருமறையின் ஒளியில் ஆராய்வது ஆயர்களாகிய நம் கடமையாகும். இதற்கு முதல் உலகப்போரின் (1914–1918) மேற்கு முனை நமக்குப் பெரிதும் உதவுகிறது. ஏனெனில், அங்கே பணியாற்றிய குருவானவர்கள் சிலர் தாம் கண்டவற்றை இறையியல் நோக்கோடு சிந்தித்துள்ளனர்.

1. பதுங்குகுழியின் சமயம்

பிரிட்டிஷ் படைவீரரின் சமய வாழ்வைக் குறித்து ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் ஆதரவில் ஒரு விரிவான விசாரணை நடைபெற்றது. ஸ்காட்லாந்து இறையியலறிஞர் டி. எஸ். கேர்ன்ஸ் அதன் முடிவுகளைத் தொகுத்து 1919இல் நூலாக வெளியிட்டார். தாக்குதலுக்கு முன்னும் குண்டுமழையின் நடுவிலும் மிகப் பலர் ஜெபித்தனர் என்பதும், ஆபத்து நீங்கியதும் அந்த ஜெபம் பெரும்பாலும் மறைந்துபோயிற்று என்பதும் அவ்விசாரணையில் தெரியவந்தன. தனக்கென்று குறிக்கப்பட்ட குண்டு வந்தே தீரும், மற்றவை தன்னைத் தொடா என்னும் விதிக்கொள்கையும் வீரரிடையே பரவியிருந்தது.

சிறிய புதிய ஏற்பாட்டை மார்புச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. அதை வாசித்துப் பயனடைந்தோர் உண்டு. குண்டைத் தடுக்கும் தாயத்தாகக் கருதினோரும் உண்டு. 91ஆம் சங்கீதத்தைப் படைவீரரின் சங்கீதமாகக் கொண்டு மனப்பாடம் செய்வது இன்றும் பல நாடுகளில் காணப்படுகிறது. இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பக்கத்தில் ஆயிரம்பேர் விழுந்தாலும் நம்புகிறவனுக்குத் தீங்கு அணுகாது என்று அச்சங்கீதம் பாடுகிறது. அப்படியானால், அதே சங்கீதத்தை அதே விசுவாசத்தோடு சொல்லி, மறுநாள் குண்டடிபட்டு மாண்ட தோழனைக் குறித்து உயிர்பிழைத்தவன் என்ன எண்ணுவான்? தேவாலயத்து உப்பரிகையில் சோதனைக்காரன் ஆண்டவருக்கு எடுத்துக்காட்டியதும் இச்சங்கீதமே என்பதை நாம் மறத்தலாகாது (மத்தேயு 4:6). அதைப் பாதுகாப்புப் பத்திரமாகப் பயன்படுத்த ஆண்டவர் மறுத்துவிட்டார். பிதாவின்மேல் அவர் கொண்ட நம்பிக்கை அதனால் குன்றவில்லை.

2. ஒரு குருவானவரின் தீர்ப்பு

வுஸ்டர் நகரில் சபைக்குருவாயிருந்த ஜி. ஏ. ஸ்டடர்ட் கென்னடி 1915ஆம் ஆண்டின் இறுதியில் படைக்குருவாகச் சேர்ந்தார். வீரருக்குப் புதிய ஏற்பாட்டோடு வுட்பைன் சிகரெட்டுகளையும் வழங்கியதால், அச்சிகரெட்டின் பெயராலேயே அவரை அவர்கள் அன்போடு அழைத்தனர். 1917இல் மெசீன் போரில் காயமுற்றோருக்கு ஆற்றிய தொண்டுக்காக அவர் ராணுவச் சிலுவை விருது பெற்றார். 1918இல் வெளிவந்த தம் நூலொன்றில், குண்டுமழையின் நடுவே தமக்கு அருகில் இருந்த ஒருவன் தன்னைக் காக்கும்படி கடவுளிடம் ஓயாது கெஞ்சியதையும், அது தமக்கு அருவருப்பை உண்டாக்கியதையும் எழுதியுள்ளார். அது ஜெபமன்று, கோழைத்தனம் என்பதே அவ்வேளையில் அவர் மனத்தில் எழுந்த தீர்ப்பு. ஆபத்திலிருந்து தப்பும் வழியாக ஜெபத்தைக் கருதலாகாது. ஆபத்தைத் தாங்கும் ஆற்றலை நாடுவதே ஜெபம் என்று அவர் விளக்கினார்.

இத்தீர்ப்பில் பெரும் உண்மை அடங்கியுள்ளது. தன்னுயிரை மட்டுமே நாடும் ஜெபம் கடவுளைக் கருவியாக்கிவிடுகிறது. அருகிலிருக்கும் தோழனையும் எதிரே நிற்கும் மனிதனையும் அது மறந்துவிடுகிறது. ஆயினும் கென்னடியின் தீர்ப்பை நாம் முழுமையாக ஏற்கவியலாது. தாவீது படைவீரன். பெலிஸ்தரின் கையில் சிக்கிய வேளையோடு இணைக்கப்பட்டுள்ள 56ஆம் சங்கீதம், அச்சம் தன்னிடம் இல்லையென்று சாதிக்கவில்லை. தான் அஞ்சும் நாளிலேயே கடவுளை நம்புவதாக அறிக்கையிடுகிறது. அச்சம் நீங்கிய பின்னர் விசுவாசம் வருவதாக அங்கே சொல்லப்படவில்லை. இரண்டும் ஒரே நாளில், ஒரே உள்ளத்தில் இருக்கின்றன. தன்னைக் காக்கும்படி கெஞ்சிய அந்தப் பெயரறியாத வீரனும் சங்கீதக்காரன் நின்ற இடத்தில்தான் நின்றான்.

3. உடலின் எல்லை

அச்சத்தை ஒழுக்கக்குறைவாக மட்டும் கருதுவது எத்தகைய அநீதிக்கு இட்டுச்செல்லும் என்பதையும் அப்போர் காட்டியது. குண்டு வெடிப்புக்குட்பட்ட வீரரின் நினைவிழப்பு, பார்வைக் குறைவு ஆகியவற்றை 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்னும் மருத்துவர் ஆராய்ந்து எழுதினார். படைமருத்துவராயிருந்த மோரன் பிரபு, 1945இல் வெளியிட்ட நூலில், மனிதனின் துணிவு வங்கியிலிட்ட பணத்தைப் போன்றது, எடுக்க எடுக்கக் குறைந்து ஒருநாள் தீர்ந்துபோகும் என்று விளக்கினார். ஆனால் இவ்வறிவு பலருக்குக் காலந்தாழ்ந்தே பயன்பட்டது. படையைவிட்டு ஓடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட பிரிட்டிஷ், காமன்வெல்த் வீரர் 306 பேருக்குப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 2006இல்தான் சட்டத்தின்மூலம் மன்னிப்பு வழங்கியது. அவர்களுள் பலருடைய கடைசி இரவில் உடனிருந்தவர்கள் படைக்குருக்களே.

குருக்களும் இவ்வெல்லைக்கு விலக்கானவர்கள் அல்லர். 1914 முதல் ஜெர்மானியப் படையில் குருவாயிருந்த பால் டில்லிக், ஷாம்பேன், வெர்தன் ஆகிய போர்முனைகளின் கொடுமையால் மனம் நொறுங்கி மருத்துவமனையில் சேர்க்கப்பட நேர்ந்தது. துணிவைக் குறித்து அவர் 1952இல் வெளியிட்ட நூலில் அச்சத்தையும் மனக்கலக்கத்தையும் வேறுபடுத்துகிறார். அச்சத்துக்கு ஒரு பொருள் உண்டு. ஆகவே அதை எதிர்கொள்ள இயலும். மனக்கலக்கத்துக்கு அப்படிப்பட்ட பொருள் இல்லை. இவ்வேறுபாடு நம் ஆய்வுக்கு உதவுகிறது. குண்டைக் குறித்த அச்சத்துக்குப் பதுங்குகுழியும் பயிற்சியும் தோழரும் ஓரளவு துணைசெய்யலாம். தான் கைவிடப்பட்டவன் என்னும் கலக்கத்துக்கு அவை போதா. அங்கேதான் ஆயரின் பணி தொடங்குகிறது.

உபாகமம் 20ஆம் அதிகாரம் இவ்வகையில் கூர்ந்து வாசிக்கத்தக்கது. முதலில் ஆசாரியன் படையின்முன் நின்று அஞ்ச வேண்டாம் என்கிறான். ஆனால் அதே அதிகாரத்தில், அதிகாரிகள் அஞ்சுகிறவனை வீடு திரும்பும்படி சொல்லுகின்றனர். மற்றவர் உள்ளமும் கரைந்துபோகாதபடி என்னும் காரணம் காட்டப்படுகிறதேயன்றி, தண்டனை எதுவும் விதிக்கப்படவில்லை. புதுவீடு கட்டியவன், திராட்சத்தோட்டம் நட்டவன், பெண்ணை நிச்சயித்தவன் ஆகியோரோடு அஞ்சுகிறவனும் ஒரே வரிசையில் வைக்கப்படுகிறான். கிதியோனின் படையிலிருந்து 22,000 பேர் இவ்வாறு திரும்பினர் (நியாயாதிபதிகள் 7:3). அவர்கள் சபிக்கப்படவில்லை.

4. கெத்செமனே

இக்கேள்விக்கு இறுதி விடையைக் கெத்செமனேயில்தான் காண்கிறோம். மாற்கு 14:33இல் ஆண்டவரின் நிலையைக் குறிக்கும் எக்தம்பெயிஸ்தாய், அதேமொனெயின் என்னும் கிரேக்கச் சொற்கள் திடுக்கிட்டு நடுங்குதலையும் கடுந்துயரால் தத்தளித்தலையும் உணர்த்துகின்றன. பாவமற்றவர் இவ்வாறு நடுங்கினாரெனில், நடுக்கத்தையே பாவமென்று நாம் எங்ஙனம் கூறலாம்?

அவருடைய ஜெபத்தில் இரண்டு பகுதிகள் உள்ளன. பாத்திரம் நீங்கும்படி அவர் முதலில் வேண்டினார். பின்னர்த் தம்மைப் பிதாவின் சித்தத்துக்கு ஒப்புவித்தார். கென்னடி வலியுறுத்தியது இரண்டாம் பகுதியை. ஆனால், முதற்பகுதியைச் சொல்ல அனுமதிக்கப்படாதவனால் இரண்டாம் பகுதியை உண்மையாய்ச் சொல்லவியலாது. தப்ப விரும்பாதவனுடைய ஒப்படைப்புக்குப் பொருள் என்ன? மேலும், மரணத்தினின்று இரட்சிக்க வல்லவரிடம் அவர் கண்ணீரோடு வேண்டினார் என்றும், அவ்வேண்டுதல் கேட்கப்பட்டது என்றும் எபிரெயர் 5:7 கூறுகிறது. ஆயினும் அவர் மரித்தார். ஆகவே, ஜெபம் கேட்கப்படுதலும் உயிர் தப்புதலும் ஒன்றல்ல. மாண்ட வீரனின் ஜெபம் கேட்கப்படாமற்போயிற்று என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

தம்மோடு விழித்திருக்கும்படி மூவரை ஆண்டவர் கேட்டுக்கொண்டதும் கவனிக்கத்தக்கது. ஐம்பது வயதைக் கடந்து படைக்குருவாகச் சேர்ந்த தியோடர் பெய்லி ஹார்டி ஆலோசனை கேட்டபோது, வீரர் செல்லுமிடமெல்லாம் உடன்செல்லும்படி கென்னடி அறிவுறுத்தினார். ஹார்டி அவ்வாறே செய்து, விக்டோரியா சிலுவை விருது பெற்று, 1918 அக்டோபரில் காயங்களால் மாண்டார்.

5. நம் பணி

கார்கில் போரிலும் (1999), கல்வான் மோதலிலும் (2020) உயிரிழந்தோருள் தமிழ்நாட்டைச் சேர்ந்தோரும் இருந்தனர். நம் சபைகளிலிருந்து படைக்குச் செல்வோர் பலர். அவர்களை வழியனுப்பும் ஜெபத்தில், ஒரு தீங்கும் வராதென்று வாக்களிக்க நமக்கு அதிகாரமில்லை. அவர்களுக்காகப் பாதுகாப்பைக் கேட்போம்; கேட்பது வேறு, உறுதிகூறுவது வேறு. 91ஆம் சங்கீதத்தோடு 13, 22, 56, 88 ஆகியவற்றையும் அவர்களுக்குக் கற்பிப்போமாக. நடுங்கும் நாவுக்கு அவை சொற்களைத் தரும்.

விடுப்பில் வருகிறவனை உடனே மேடையேற்றி வெற்றிச் சாட்சி கேட்பதைத் தவிர்த்தல் நலம். அவன் உள்ளத்தில் அச்சத்தோடு, கொன்றதன் பாரமும் காக்கத் தவறியதன் பாரமும் இருக்கலாம். போரில் கொன்றவர் ஏழு நாள் பாளயத்துக்குப் புறம்பே தங்கித் தூய்மை பெற்றனர் என்று எண்ணாகமம் 31:19 கூறுகிறது. வெற்றியோடு திரும்பியோருக்கும் காலமும் தனிமையும் தேவைப்பட்டன. தனியே அமர்ந்து கேட்டல், பாவ அறிக்கைக்கும் பாவமன்னிப்பின் வார்த்தைக்கும் இடமளித்தல், உறக்கமின்றி வருந்துவோரை மருத்துவரிடம் தயங்காது அனுப்புதல் ஆகியவை நம் கையிலுள்ளன. மருத்துவரை நாடுவது விசுவாசக் குறைவென்று எவரும் சொன்னால், அதை மறுத்துரைப்பதும் ஆயரின் கடமையே.

நடுங்கியவாறே கடவுளை நோக்கிப் பேசுகிறவன் விசுவாசத்தை இழந்தவனல்லன். அவன் பேச்சு நின்றுபோகாதபடி உடன் விழித்திருப்பதே திருச்சபையிடம் கேட்கப்படுவது.