விட்ட இடத்திலிருந்து தொடரட்டும் குளோன்

கணியூர், கடத்தூர், காரத்தொழுவு பக்கம் ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் கரண்ட் நின்று நின்று வருவது புதிதல்ல. கரண்ட் போனால் வைஃபையும் போகும். உடனே செல்போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டால், ஊரே அந்த ஒரு டவரைத்தான் நம்பியிருக்கும். அப்படிப்பட்ட ஒரு மாலையில் லினக்ஸ் கெர்னலின் மூலநிரலை இறக்க 'கிட்' கருவியில் 'குளோன்' கட்டளை கொடுத்துப் பாருங்கள். 'ரிசீவிங் ஆப்ஜெக்ட்ஸ்' என்ற வரியில் சதவீதம் மெல்ல ஏறும். 60, 70, 78. அங்கே நிற்கும். கொஞ்ச நேரத்தில் 'ஏர்லி இஓஎஃப்', 'இன்டெக்ஸ்-பேக் ஃபெயில்டு' என்று இரண்டு வரி வந்து விழும். ஃபோல்டரைத் தேடினால் ஃபோல்டரே இருக்காது. அரைகுறையாக வந்ததை கிட் தானே துடைத்துவிட்டுப் போயிருக்கும்.

சினிமாப் படமோ ஆப் அப்டேட்டோ பாதியில் நின்றால் மிச்சத்தை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். கிட்டில் மறுபடி பூஜ்யத்திலிருந்துதான். நம்மூர்ப் பிள்ளைகள் பலர் வைத்திருப்பது தினம் 1.5 ஜிபி ப்ரீபெய்டு பேக். குளோன் கொண்டுவரும் கெர்னலின் முழு வரலாறு அதைவிடப் பெரியது. அளவு தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும் பேக்கில் ஒரு ஜிபி வந்து சேர 35 மணி நேரம் போல ஆகும். இடையில் ஒருமுறை அறுந்தாலும் அன்றைய டேட்டா முழுக்க வீண். இல்லாதவன் ஒரே சரக்குக்கு இரண்டு முறை, மூன்று முறை காசு கட்டுகிறான். இதை வெறும் தொழில்நுட்பக் குறை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

பின்னலாடை மெஷினில் நூல் அறுந்தால் மெஷின் தானாக நிற்கும், லைட் எரியும். ஆபரேட்டர் முடிச்சுப் போட்டு ஓட்டிவிடுவார். அதுவரை பின்னிய துணியை யாரும் கிழித்து எறிவதில்லை. கிட் ஏன் அப்படிச் செய்கிறது? 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய இந்தக் கருவியில், சர்வரில் தயாராக ஒரு ஃபைல் இருந்து அது அப்படியே நமக்கு வருவதில்லை. நாம் கேட்ட பிறகே சர்வர் நமக்கு என்னென்ன தேவை என்று கணக்கிட்டு, ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசங்களை மட்டும் சுருக்கி, ஒரு 'பேக்' கட்டி அனுப்புகிறது. பல த்ரெட்கள் சேர்ந்து கட்டுவதால் அடுத்த முறை அதே பேக் அதே வரிசையில் வரும் என்று உறுதி கிடையாது. '700 எம்பி வந்துவிட்டது, அதற்கு அடுத்ததிலிருந்து கொடு' என்று கேட்டால் அது பொருந்தாது. முடிச்சுப் போட அதே நூல் அங்கே இல்லை.

அப்படியானால் நூலை முதலிலேயே சுற்றி வைத்துவிட வேண்டியதுதான். அதற்குப் பெயர் 'பண்டில்'. நல்ல நெட் உள்ள ஒரு கம்ப்யூட்டரில் முழு ரெப்போவையும் (மூலநிரலும் அதன் வரலாறும் சேர்ந்த தொகுப்பு) இறக்கி, 'கிட் பண்டில் கிரியேட்' கட்டளையால் ஒரே ஃபைலாக்கி, சாதாரண வெப் சர்வரில் போட்டுவிடலாம். அது மாறாத ஃபைல் என்பதால் 'டபிள்யூகெட்' கருவியை 'சி' குறியோடு கொடுத்தால், எத்தனை முறை அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இன்று ஒரு ஜிபி, நாளை ஒரு ஜிபி என்று டேட்டா பேக்குக்குத் தக்கபடி இறக்கலாம். முழுதும் வந்ததும் அந்த பண்டிலிலிருந்தே குளோன் செய்து, ரிமோட் முகவரியை உண்மையான சர்வருக்கு மாற்றி, ஒரு 'ஃபெட்ச்' கொடுத்தால் போதும். பண்டில் போட்ட நாளுக்குப் பிறகு சேர்ந்தது மட்டும் வரும்.

இது புது யோசனை இல்லை. கெர்னல் டாட் ஆர்க் தளமே 'குளோன் டாட் பண்டில்' என்ற ஃபைலை வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு நிரலை இறக்கும் 'ரெப்போ' என்ற பெயருள்ள கருவி அப்படியொரு ஃபைல் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பார்க்கும். 2022 அக்டோபரில் வந்த கிட் 2.38இல், பண்டில் இருக்கும் முகவரியைக் குளோன் கட்டளையிலேயே சொல்லும் வசதியும் சேர்ந்தது.

பண்டில் கிடைக்காத ரெப்போ என்றால் 'டெப்த் 1' கொடுத்துக் கடைசி நிலையை மட்டும் எடுத்து, பிறகு 'டீப்பன்' மூலம் பழைய வரலாற்றைத் தவணை தவணையாக இறக்கலாம். முடிந்த ஒவ்வொரு தவணையும் நமக்குச் சொந்தம். ஃபைல்களைத் தேவைப்படும்போது மட்டும் எடுக்கும் 'பார்ஷியல் குளோன்' நம்மூருக்கு ஒத்துவராது. நெட் இல்லாத நேரத்தில் பழைய ஃபைல் ஒன்றைத் திறக்கப் போனால் கைவிட்டுவிடும்.

2005 முதல் 2011 வரை உபுண்டு லினக்ஸ் சிடிக்களை 'ஷிப்இட்' திட்டம் தபாலில் இலவசமாக வீட்டுக்கே அனுப்பியது. நெட் இல்லாதவனும் லினக்ஸைத் தொட வேண்டும் என்ற அக்கறை அதில் இருந்தது. அந்த வேலையை இன்று உடுமலை, தாராபுரம் பக்கத்துக் கல்லூரிகள் செய்யலாம். லேப் சர்வரில் கெர்னல், லிப்ரேஆபீஸ் போன்ற பெரிய ரெப்போக்களின் பண்டில்களை வைத்து மாதம் ஒருமுறை புதுப்பித்தால், பென் டிரைவோடு வரும் மாணவன் சில நிமிடங்களில் எடுத்துப் போய்விடுவான்.

பென் டிரைவில் வந்ததை நம்பலாமா என்று கேட்பார்கள். கிட்டில் ஒவ்வொரு கமிட்டின் (பதிவுசெய்த மாற்றத்தின்) அடையாள எண்ணும் அதன் உள்ளடக்கத்திலிருந்தும் அதற்கு முந்தைய கமிட்டின் எண்ணிலிருந்தும் பிறப்பது. நடுவில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பிந்தைய எண்கள் எல்லாம் மாறிவிடும். டோர்வால்ட்ஸ் வெளியிடும் கெர்னல் பதிப்புகளின் டேகில் (வெளியீட்டுக் குறியில்) அவருடைய டிஜிட்டல் கையொப்பமும் இருக்கிறது. அவருடைய பப்ளிக் கீயை நம்பகமான இடத்திலிருந்து எடுத்து, 'வெரிஃபை-டேக்' கொடுத்துப் பார்த்தால், அந்த வெளியீடு வரைக்குமான நிரல் அசலா இல்லையா என்பது தெரிந்துவிடும். அதற்கு சில கேபி டேட்டா போதும்.