நாடக மாணவர்க்கு உபகாரச் சம்பளம்

வைத்தியமும் எஞ்சினீயரிங்கும் கற்கும் ஏழை மாணவனுக்கு உபகாரச் சம்பளம் கொடுப்பது நியாயமென்பதை இக்காலத்தில் மறுப்பார் இலர். ஆனால் நாடக வித்தை பயிலும் மாணவனுக்கும் அவ்விதமே கொடுக்கவேண்டுமென்றால், படித்தவர்களிலேயே பலர் புன்னகை புரிகிறார்கள். கூத்தாடிக்குச் சம்பளமா என்று கேட்கிறார்கள். நமது நாடக மேடையின் சரித்திரத்தை மறந்தமையாலேயே இக்கேள்வி எழுகின்றது.

1918-ஆம் வருஷம் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பாலர்களைப் பயிற்றத் தொடங்கினார். பின்னாளில் ஔவை சண்முகம் என்று புகழ்பெற்ற டி. கே. சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு வயது 6. அக்காலத்துக் கம்பெனிகள் பையன்களுக்குச் சோறும், படுக்க இடமும், வித்தையும் சேர்த்தே அளித்தன. அதுவும் உபகாரச் சம்பளமே. பெயர் மாத்திரம் வேறு. அம்முறையில் குறைகள் இல்லாமலில்லை. பள்ளிப் படிப்பு அற்றுப்போயிற்று. குரல் உடைந்த பையனின் கதியைக் கேட்பார் இல்லை. 1931-இல் தமிழ்ப் பேசும் படம் வந்தது. அதன்பின் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. பாலர்களின் கட்டு நீங்கியது நன்றே. ஆனால் அத்துடன் சோறும் நீங்கிற்று. அந்தச் சோற்றுக்கு ஈடாக நாம் எதையும் வைக்கவில்லை.

டில்லியில் 1959-இல் ஸ்தாபிக்கப்பட்ட தேசிய நாடகப் பள்ளி தன் மாணவர்க்கு உபகாரச் சம்பளம் அளிக்கிறது. அதனை நாம் போற்றுகிறோம். ஆயினும் தேச முழுவதற்குமான அச்சிறு பள்ளியில் தமிழ் மேடைக்குரியவர் எத்தனை பேர் இடம் பெறக்கூடும்? மத்திய சர்க்காரின் வேறொரு திட்டம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளங்கலைஞர்களுக்கு இரண்டு வருஷ காலத்துக்கு உதவித் தொகை வழங்குகிறது. நாடகமும் கிராமியக் கலைகளும் அதில் அடங்கும். ஆனால் விண்ணப்பிப்பவன் குருவிடமோ ஸ்தாபனத்திலோ முன்னமே 5 வருஷம் பயின்றிருக்கவேண்டுமென்பது விதி. சட்டம் பயின்றவர்களாகிய நமக்கு இவ்விதியின் நோக்கம் விளங்காமலில்லை. தகுதியற்றவர் பணம் பெறுவதைத் தடுப்பதே அது. ஆயினும் அந்த 5 வருஷம் அவனுக்குச் சோறிட்டவர் யார்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அவன் தகப்பனார். கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு ஒருவருமில்லை. நீந்திக் கரையேறியவனுக்கே ஓடம் தருவோமென்பது தர்மமாகுமா?

செய்யாறு, காஞ்சிபுரம் பகுதிகளில் தெருக்கூத்தாடுவோர் பாரதத் திருவிழாக் காலத்தில் இரவெல்லாம் ஆடுகின்றனர். திருவிழா இல்லாத மாதங்களில் அவரிற் பலருக்கு வயல் வேலையே கதி. அவர் பிள்ளைகளுக்காகக் காஞ்சிபுரம் அருகே கட்டைக்கூத்துச் சங்கத்தார் 2002-இல் தொடங்கி நடத்திய குருகுலத்தில் உணவும், பள்ளிப் படிப்பும், கூத்தும் ஓரிடத்திலேயே கிடைத்தன. பழைய கம்பெனியின் நன்மையைக் கொண்டு, அதன் தீமையைத் தள்ளிய முறை அது.

பயிற்சி முடிந்தபின் பிழைப்பு எங்கே என்பது அடுத்த கேள்வி. இதற்கு விடை கன்னட நாட்டில் இருக்கிறது. ஹெக்கோடு என்னும் சிற்றூரில் கே. வி. சுப்பண்ணா முதலியோர் 1949-இல் தொடங்கிய நீநாசம் என்னும் சங்கம், 1980-இல் நாடகப் பள்ளியையும், 1985-இல் திருகாட என்ற சுற்றுப்பயண நாடகக் குழுவையும் ஏற்படுத்திற்று. அக்குழு வருஷந்தோறும் புதிய நாடகங்களுடன் ஊர் ஊராகச் செல்கிறது. பயின்றவர்க்கு அதில் வேலையும் கிடைக்கிறது. பட்டணத்துக்கு ஓடாமல், தாய்மொழியில், தன் நாட்டாரிடையே நடிகன் வாழக்கூடுமென்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுவதில்லை.

உபகாரச் சம்பளம் பெற்றவன் சினிமாவுக்கு ஓடிவிடுவான் என்பது சிலரின் ஆட்சேபம். ஓடுபவனை நாம் நிந்திப்பதில் பயனில்லை. இங்கே சோறிருந்தால் பலர் இருப்பர்.

ஆகவே நாம் கோருவன மூன்று. உபகாரச் சம்பளம் பயிற்சியின் முதல் வருஷத்திலேயே தொடங்கவேண்டும். மாணவன் தன் ஜில்லாவிலேயே, தன் குருவிடமே அதைப் பெறவேண்டும். பயின்று முடித்தவனைச் சம்பளத்துக்கு அமர்த்தும் குழுக்களுக்கும் உதவி வேண்டும். சர்க்கார் தாமதித்தால் நமது செல்வர்கள் தாமதிக்க வேண்டுவதில்லை. கோயில் திருவிழாவில் ஓர் இரவுக் கூத்துக்குப் பொருள் கொடுக்கும் ஊரார், அக்கூத்தைக் கற்கும் ஒரு பையனுக்கு ஒரு வருஷம் சோறிட முன்வருவார்களாயின், அதுவே நல்ல ஆரம்பமாகும்.